மேலூர் பஸ்ஸில் போன துணிக்கட்டங்கள்

தம்பி,

போன ஞாயிற்றுக்கிழமை போனில் நீ சொன்ன ஒரு பேச்சு என்னை இத்தனை நாளாகச் சும்மா இருக்க விடவில்லை. உன் கல்யாணத்துக்கு மண்டபம், பத்திரிகை, சாப்பாடு எல்லாம் பேசி முடித்து, போனை வைக்கப் போகும் நேரத்தில் யமுனாவைப் பற்றிச் சொன்னாய். "எப்பப் பாத்தாலும் அந்த ஹாஸ்டல் ஃப்ரெண்டோட போன்தாம்பா. லீவு நாளானா ரெண்டு பேரும் எங்கயாச்சும் கிளம்பிருறாங்க. கல்யாணத்துக்கப்புறம் இதையெல்லாம் கொறச்சுக்கச் சொல்லணும்" என்றாய். நானும், "ஆமா, கொறச்சுக்கணும்ல" என்று சொல்லிவிட்டேன். யோசிக்காமலே வாயில் வந்துவிட்டது. போனை வைத்துவிட்டுத் திரும்பினால் உன் அம்மா கூடத்துத் தரையில் காலை நீட்டி உட்கார்ந்து, மடியில் துணியை வைத்துத் தைத்துக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்காமலே, "என்னத்தக் கொறைக்கணுமாம்?" என்று கேட்டாள். "சாப்பாட்டுல ஒரு கூட்டு" என்றேன். அவள் நம்பினாளா இல்லையா என்று தெரியவில்லை. உனக்கு இந்த வயிற்றெரிச்சல் எந்த வழியில் வந்தது என்று எனக்கு நன்றாகத் தெரியும். அதனால்தான் போனில் சொல்ல வராததை எழுதுகிறேன். பொறுமையாகப் படி.

நான் கண்டக்டராக ஓடிய காலத்தில் நம் வீடு எப்படி இருந்தது என்று உனக்கு ஞாபகம் இருக்கும். நீ எழுந்திருக்கும்போது நான் டூட்டிக்குப் போயிருப்பேன், இல்லையென்றால் டூட்டி முடிந்து வந்து தூங்கிக்கொண்டிருப்பேன். தீபாவளி, பொங்கல், சித்திரைத் திருவிழா எதுவானாலும் ஊருக்குப் போகிறவர்களுக்கெல்லாம் டிக்கெட் கிழித்துக் கொடுத்தது நான்தான். கூட்டத்தில் நெருக்கி நின்றபடி, ரெண்டு பேர் சீட்டில் உட்கார்ந்து வருகிற புருஷன் பொண்டாட்டிகளைப் பார்ப்பேன். அந்தப் பெண் ஜன்னல் பக்கம் தூங்கி விழுவாள். அவன் பையை மடியில் வைத்துக்கொண்டு ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருப்பான். அவனைப் பார்த்தால் எனக்கு எரியும். ரிட்டயர் ஆனதும் நானும் உன் அம்மாவும் அப்படி ஒரு சீட்டில் உட்கார்ந்து, வேறு ஒருவன் டிக்கெட் கொடுக்க, ஊர் ஊராகப் போகவேண்டும் என்பதுதான் என் ஆசை. அதை அவளிடம் ஒருநாளும் சொன்னதில்லை. அவளுக்கே தெரிந்திருக்கும் என்று நினைத்திருந்தேன்.

ரிட்டயர் ஆகி, டிப்போவில் மாலை போட்டு அனுப்பிவைத்த மறுநாள் காலையில், சாப்பிட்டு முடித்து, இன்றைக்கு எங்கே போகலாம் என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் உன் அம்மா ஒரு துணிப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, "சோறு வடிச்சு வச்சிருக்கேன். ரசம் அடுப்புல இருக்கு. வாரேன்" என்றாள்.

"எங்க?"

"நூரு வீட்டுக்கு."

நூர்ஜகானை நீ ஒருமுறை பொங்கலுக்கு வந்தபோது பார்த்திருப்பாய். நாம் கோச்சடைக்கு வீடு மாறி வந்த புதிதில், நீ வெளியூர் வேலைக்குக் கிளம்பிப் போய்விட்ட பிறகு, காலையில் நடக்கப் போன இடத்தில் இருவரும் பழகிக்கொண்டார்கள். காளவாசலைத் தாண்டி வாடகை வீடு. அவருடைய கணவர் டவுனுக்குள் கட்பீஸ் துணிக்கடை வைத்திருந்தவர். அவர் தவறிப்போனதும் கடையைக் கொடுத்துவிட்டார்கள். விற்காத துண்டுத் துணிகளெல்லாம் மூட்டை மூட்டையாக நூர்ஜகான் வீட்டுக்கு வந்து சேர்ந்தன. அவற்றைத் தூக்கிப் போடவும் மனசில்லாமல், பார்த்துக்கொண்டிருக்கவும் முடியாமல் இருந்தவரிடம், போர்வை தைக்கலாமே என்று சொன்னது உன் அம்மாதான். யூடியூபில் பார்த்திருக்கிறாள். நூர்ஜகான் அதை ரஜாய் என்பார். உன் அம்மா போர்வை என்பாள். எனக்கு அது வெறும் துணி.

எப்படித் தைக்கிறார்கள் என்றும் சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் மற்றது புரியும். பெரிய துணியை விரித்துப்போட்டு ஒரே மூச்சாகத் தைக்கிற வேலை இல்லை அது. ஒன்றரைச் சாண் அளவில் ஒவ்வொரு சதுரமாகத் தைக்கிறார்கள். கட்டம் என்று சொல்வார்கள். நூர்ஜகான் துண்டுத் துணிகளை முக்கோணமும் பட்டையுமாக வெட்டி, ஒன்றோடொன்று சேர்த்து மேல் துணியைத் தயார் செய்வார். உன் அம்மா அதற்கு அடியில் மெல்லிசாகப் பஞ்சு விரித்து, அதற்கும் அடியில் பின் துணி வைத்து, மூன்றையும் சேர்த்துக் கையால் பொடித் தையல் போடுவாள். அத்தோடு அந்தக் கட்டம் முன்னும் பின்னும் முழுசாக முடிந்துவிடும். மடித்து வைத்துவிட்டு அடுத்ததை எடுப்பார்கள். கடைசியில் கட்டங்களை எல்லாம் சேர்த்தால் போர்வை. ஒருத்தி வெட்டி, இன்னொருத்தி தைத்தால்தான் ஒரு கட்டம். தனியாக யாரும் எதையும் முடிக்க மாட்டார்கள்.

பெரிய போர்வையாக இருந்தால் வீட்டில் ஒரு மூலையில் கிடக்கும், நாமும் அதைத் தாண்டிப் போய்விடலாம். இந்தக் கட்டம் கைப்பைக்குள் அடங்கிவிடுகிறது. அதுதான் எனக்கு வந்த வினை. ரேஷன் கடை வரிசையில் அவள் அதை எடுத்துத் தைப்பாள். பல் டாக்டரிடம் என்னைக் கூட்டிப் போனபோது, உள்ளே நான் வாயைத் திறந்துகொண்டு கிடக்க, வெளியே தைத்துக்கொண்டிருந்தாள். உன் மாமா பேத்திக்கு உசிலம்பட்டியில் காதுகுத்து வைத்தார்களே, அதற்கு நாங்கள் இருவரும் பஸ்ஸில் போனோம். ரெண்டு பேர் சீட் கிடைத்தது. ஜன்னல் பக்கம் அவளை உட்காரச் சொன்னேன். கண்டக்டர் என் கூட வேலை பார்த்தவன், "அண்ணே, இன்னைக்காச்சும் உக்காந்து வாரீங்களே" என்று சிரித்துக்கொண்டே டிக்கெட்டைக் கொடுத்தான். நான் இத்தனை வருஷமாகக் காத்திருந்த சீட் அது. பஸ் ஊரைத் தாண்டவில்லை, உன் அம்மா பையைத் திறந்து கட்டத்தை எடுத்துவிட்டாள். வழி நெடுக வயல், தோப்பு, மலை ஒன்றையும் அவள் பார்க்கவில்லை. பஸ் குலுங்கும்போது ஊசியை நிறுத்துவாள், நின்றதும் குத்துவாள். "கண்ணு வலிக்கப் போகுது, உள்ள வையி" என்றேன். "இந்த ஒரு வரி" என்றாள். அந்த ஒரு வரி உசிலம்பட்டி வரை வந்தது.

அவள் வேறு ஒரு ஆணோடு பேசிச் சிரித்திருந்தால் எனக்குக் கோபம் வந்திருக்கும், அந்தக் கோபத்துக்கு ஒரு நியாயமும் இருந்திருக்கும். ஒரு துண்டுத் துணிமேல் பொறாமைப்பட்டு யாரிடம் போய்ச் சொல்வது? மதுரையில் யார் கேட்டாலும் சிரிப்பார்கள். ஆனால் துணி மட்டும் காரணம் இல்லை. சாயங்காலம் ஆறு மணிக்கு அவளைக் கூட்டிவர வண்டியை எடுத்துக்கொண்டு போவேன். தெருமுனை திரும்பும்போதே உள்ளே இரண்டு பேரும் சிரிப்பது கேட்கும். மூச்சுமுட்டி, வார்த்தை பாதியில் உடைந்து, மறுபடியும் ஆரம்பிக்கிற சிரிப்பு. அப்படி ஒரு சிரிப்பு உன் அம்மாவுக்கு இருக்கிறது என்பதே எனக்கு அதற்கு முன் தெரியாது. நான் ஹாரன் அடித்ததும் நின்றுவிடும். வெளியே வரும்போது முகத்தைத் துடைத்துக்கொண்டே வருவாள். "என்ன சிரிப்பு?" என்று கேட்டால், "ஒண்ணுமில்லங்க, சும்மா" என்பாள். வாசலில் நின்று நூர்ஜகான், "ஈசு, நாளைக்கு அந்தப் பச்சைய மறந்துறாத" என்பார். ஈசு. ஈஸ்வரி என்கிற பேரைச் சுருக்கி ஒருத்தர் கூப்பிட்டால் அவள் முகம் இப்படி மலரும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. கல்யாணம் ஆன நாளிலிருந்து நான் அவளை 'இந்தா' என்றுதான் கூப்பிட்டு வந்திருக்கிறேன்.

நான் சும்மா இருக்கவில்லை. ஒரு தையல் மெஷின் வாங்கிக்கொண்டு வந்தேன். நல்ல மெஷின், மோட்டார் வைத்தது. வேலை சீக்கிரம் முடிந்துவிடும், அங்கே போகிற தேவையும் இருக்காது என்று கணக்குப் போட்டேன். உன் அம்மா அதைச் சுற்றி வந்து பார்த்தாள். தொட்டுப் பார்த்தாள். "நல்லாத்தான் இருக்கு" என்றாள்.

"இதுல தச்சா ஒரே மாசத்துல முடிஞ்சிரும்ல?"

"முடிஞ்சிரும். அதுக்குப் பயந்துதானங்க கையில தைக்கிறோம்" என்றாள்.

மெஷின்மேல் ஒரு பழைய சேலையைப் போட்டு மூடி வைத்தாள். இன்னும் அப்படித்தான் இருக்கிறது, கல்யாணத்துக்கு வரும்போது பார். நான் கேட்டேன், அந்தப் போர்வை யாருக்கு என்று. உனக்குக் கல்யாணப் பரிசாகக் கொடுக்கப் போகிறார்கள் என்றாலாவது என் மனசு ஆறியிருக்கும். "யாருக்குன்னு இன்னும் நெனைக்கலையே" என்றாள். யாருக்கும் இல்லாத ஒரு போர்வைக்கு இம்புட்டு நேரம். எனக்கு அதுதான் பொறுக்கவில்லை.

அப்படி இருக்கும்போதுதான் நூர்ஜகானின் மகன் மேலூரில் செல்போன் கடை போட்டான். தாயைத் தனியாக விட்டு வைக்க அவனுக்கு மனசில்லை. வீட்டைக் காலி செய்து கூட்டிக்கொண்டு போய்விட்டான். சாமான் ஏற்றிய வண்டி கிளம்பும்போது உன் அம்மாவும் நூர்ஜகானும் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். நான் முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு ஒரு கட்டிலைத் தூக்கிவிட்டேன். உள்ளே எனக்கு அவ்வளவு சந்தோஷம். உன்னிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது? அன்றைக்கு வீடு திரும்பும் வழியில் மல்லிகைப்பூ வாங்கினேன். மறுநாள் கோயிலுக்குப் போனோம். அதற்கடுத்த வாரம் உன் சித்தி வீட்டுக்கு. பஸ்ஸில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். பையில் கட்டம் எதுவும் இல்லை. நான் ஆசைப்பட்டது எல்லாம் அப்படியே நடந்தது. ஆனால் அவள் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாளே தவிர, அங்கே இல்லை. கேட்டதற்குப் பதில் சொல்வாள். சாப்பாட்டில் உப்பு போட மறப்பாள். பகலில் படுக்காதவள் படுத்துக்கொண்டாள். போனில் நூர்ஜகானோடு பேசுவாள், ஆனால் கையில் வேலை இல்லாமல் பேச இருவருக்குமே வரவில்லை போலிருக்கிறது. "சாப்ட்டியா, நான் சாப்ட்டேன்" என்று பேசிவிட்டு வைத்துவிடுவாள். இருவரும் சிரிப்பதைக் கேட்டு எரிந்த எனக்கு, சிரிப்பில்லாத வீட்டில் உட்கார முடியவில்லை. அப்போதும் எனக்குப் பொறாமை தீரவில்லை, தம்பி. நான் ஒருவேளை வேறு ஊருக்குப் போய்விட்டால் இவள் இப்படி இருப்பாளா என்றுதான் யோசித்தேன். இத்தனை வருஷமும் நான் டூட்டிக்குப் போனபோதெல்லாம் அவள் உப்பு போட மறந்ததே இல்லை.

அந்த நேரத்தில்தான் அவள் குளியலறையில் வழுக்கி விழுந்து கணுக்காலை உடைத்துக்கொண்டாள். மாவுக்கட்டுப் போட்டு உட்கார வைத்துவிட்டார்கள். நீ வந்து பார்த்துவிட்டுப் போனாயே, அதற்குப் பிறகு நடந்ததுதான் உனக்குத் தெரியாதது. ஒருநாள் பெரியார் பஸ் ஸ்டாண்டில் பழைய ஆட்களோடு டீ குடித்துக்கொண்டிருந்தேன். நம் தெருவில் இருக்கிற முருகேசன், என்னிடம் தொழில் பழகியவன், மேலூர் பஸ்ஸில் கண்டக்டராகப் போகிறான். அவன் என்னைப் பார்த்து, "அண்ணே, மதினிகிட்டச் சொல்லிருங்க. இன்னைக்கு மேலூர்ல பார்சல் வாங்க யாரும் வரல. பத்திரமா எங்கிட்டத்தான் இருக்கு, நாளைக்குக் குடுத்துருறேன்" என்றான்.

"என்ன பார்சல்?"

அவன் முழித்தான். "துணிப் பார்சல்ணே. வாரத்துக்கு ஒருக்கா குடுப்பாங்க. அங்கேருந்தும் வரும். உங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன்."

நான் காலையில் நடக்கப் போகும் நேரம் பார்த்து அவன் நம் வீட்டுக்கு வந்து வாங்கிக்கொண்டு போயிருக்கிறான். நூர்ஜகான் வெட்டிச் சேர்த்த மேல் துணிகள் அங்கிருந்து வரும், உன் அம்மா தைத்து முடித்த கட்டங்கள் இங்கிருந்து போகும். மாவுக்கட்டோடு உட்கார்ந்து சமைத்தும் அவள் மறுபடி உப்பு போட மறக்காதது எதனால் என்று அப்போதுதான் விளங்கியது. கால் உடைந்த வலியிலும் முகம் தெளிந்திருந்ததே என்று நானும் யோசித்திருந்தேன். வீட்டுக்கு வந்து நின்றுகொண்டே கேட்டேன். "எங்கிட்டக் கேட்டா நான் கொண்டுபோக மாட்டேனா? ஊரான்கிட்டக் குடுத்து விடணுமா?"

அவள் ஊசியைத் துணியில் குத்தி வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "உங்களுக்கு எதுக்கு சிரமம்னு" என்றாள்.

பஸ்ஸில் சில்லறைக்காகக் காத்து நிற்கிற முன்பின் தெரியாத ஆள் சொல்லுகிற பேச்சு அது. என் பொண்டாட்டி என்னிடம் சொன்னாள். நான் போய் முருகேசனிடமிருந்து அந்தப் பார்சலை வாங்கிக்கொண்டேன். மறுநாள் நானே மேலூர் பஸ் ஏறினேன். நல்ல மனசோடு போனேன் என்று நினைத்துவிடாதே. முருகேசனுக்குத் தெரிகிற விஷயம் எனக்குத் தெரியாமல் இருக்கக்கூடாது என்கிற வீம்பில் போனேன்.

முதல் இரண்டு மூன்று தடவை வாசலிலேயே நின்று கொடுத்துவிட்டு, அங்கே தந்ததை வாங்கிக்கொண்டு திரும்பினேன். நூர்ஜகான், "உள்ள வாங்கண்ணே, டீ குடிச்சிட்டுப் போங்க" என்பார். பஸ்ஸுக்கு நேரமாகிறது என்பேன். அந்த ஊர் பஸ் நேரம் எனக்குத் தெரியாததா? பத்து நிமிஷத்துக்கு ஒரு வண்டி. திரும்பும் வழியில் பார்சலைப் பிரித்துப் பார்ப்பேன். ஊதாவும் மஞ்சளும் பச்சையுமாக, நுனியோடு நுனி சேர்த்த துணிகள். ஒவ்வொன்றையும் பார்க்கும்போது, இதை இவர் வெட்டும்போது என்ன நினைத்திருப்பார், இதைப் பார்த்ததும் அவள் என்ன நினைப்பாள் என்றுதான் தோன்றும். வீட்டுக்குப் போனதும் உன் அம்மா பார்சலைப் பிரித்து, ஒவ்வொன்றாக மடியில் பரப்பி வைத்துத் தடவிப் பார்ப்பாள். "இங்க பாருங்க, எம்புட்டு அழகாச் சேத்திருக்கா" என்று என்னிடம் காட்டுவாள். அதற்குப் பிறகு என்னிடம் அவள் அதிகம் பேசத் தொடங்கினாள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். மேலூர் வீடு எப்படி, ஜன்னல் எந்தப் பக்கம், நூரு மெலிந்திருக்கிறாளா, மருமகள் எப்படி நடந்துகொள்கிறாள் என்று துருவித் துருவிக் கேட்பாள். வாசலில் நின்று திரும்பியவனுக்கு என்ன தெரியும்? அவளுக்குப் பதில் சொல்வதற்காகவே அடுத்த தடவை உள்ளே போய் உட்கார்ந்து டீ குடித்தேன்.

ஒருநாள் மத்தியானம் உன் அம்மா மாத்திரை போட்டுவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தாள். மேல் துணி ஒன்று எடுத்து வைத்திருந்தது. பஞ்சு, பின் துணி எல்லாம் பக்கத்திலேயே இருந்தது. ஊசியில் நூல் கூடக் கோத்து இருந்தது. எனக்கு என்ன தோன்றியதோ, எடுத்து வைத்துத் தைக்க ஆரம்பித்துவிட்டேன். இத்தனை நாள் பார்த்ததில் இது என்ன பெரிய வித்தை என்று ஓர் எண்ணம். விரலில் குத்தி ரத்தம் வந்தது. விடவில்லை. ஓரம் வரை அடைத்து, கெட்டியாக, இழுத்து இழுத்துத் தைத்தேன். அவள் எழுந்திருப்பதற்குள் முடித்து, முடிந்த கட்டங்களோடு நடுவில் சொருகி வைத்துவிட்டேன். அதுவும் அந்தப் போர்வையில் சேர்ந்துவிட வேண்டும், அவர்கள் இருவருக்கும் தெரியாமலே நானும் உள்ளே இருக்க வேண்டும் என்பது என் திட்டம்.

மேலூரில் நூர்ஜகான் பார்சலைப் பிரித்து ஒவ்வொன்றாகப் புரட்டினார். என் கட்டம் வந்ததும் கை நின்றது. திருப்பிப் பார்த்தார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இது யாருண்ணே தச்சது?"

"ஏன், ஈஸ்வரிதான்."

"ஈசு இப்படித் தைக்க மாட்டா" என்றார். கொஞ்ச நேரம் என் விரலைப் பார்த்தார், பிளாஸ்திரி போட்டிருந்தேன். பிறகு சிரிக்காமல் சொன்னார். "ஓரத்துல ஒரு விரல் அகலம் தைக்காம விடணும்ணே. இப்படி ஓரம்வரைக்கும் அடைச்சுத் தச்சிட்டா, பக்கத்துக் கட்டத்தோட எதை வச்சுச் சேக்கிறது?" ஊசியை எடுத்து ஓரத் தையலைப் பொறுமையாகப் பிரிக்கத் தொடங்கினார். நான் ஸ்கூல் பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தேன். பிரித்துக்கொண்டே, தலையைத் தூக்காமல், "அண்ணே, ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டீங்களே" என்றார்.

"சொல்லும்மா."

"அங்க இருக்கையில உங்க வண்டிச் சத்தம் கேட்டாலே எனக்கு வயிறு எரியும். அஞ்சு மணிக்கே காது அந்தப் பக்கம் போயிரும். நீங்க வந்து ஈசுவக் கூட்டிட்டுப் போயிருவீங்க. அவளுக்கு வீட்டுக்குப் போறதுக்கு ஒரு வண்டி இருக்கு, ஆளு இருக்கு. நான் எந்திரிச்சு லைட்டப் போடணும், அம்புட்டுத்தான். அவரு போனதுக்கப்புறம் வீட்டுல எங்கூடப் பேசின ஒரே ஆளு ஈசுதான். நீங்க ரிட்டயர் ஆகப்போறீங்கன்னு அவ சந்தோஷமா வந்து சொன்ன அன்னைக்கு, இனிமே வர மாட்டாள்னு நெனச்சு நான் அழுதேன். அவகிட்டச் சொல்லல."

வெளியே வண்டிகள் போய்க்கொண்டிருந்தன. "எனக்கும் அப்படித்தாம்மா இருந்துச்சு" என்றேன்.

"தெரியும்ணே" என்றார். "நீங்க ஹாரன் அடிக்கிறதுலயே தெரியும்."

அப்போது நான் சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார். உள்ளேயிருந்து மருமகள் எட்டிப் பார்த்தாள். ஈஸ்வரி என் ரிட்டயர்மென்டைச் சந்தோஷமாகப் போய்ச் சொன்னாள் என்ற அந்த ஒரு வார்த்தையை மட்டும் பிடித்துக்கொண்டு நான் பஸ் ஏறினேன். மதுரை வரும்வரை அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். என்னிடம் அவள் அந்தச் சந்தோஷத்தைக் காட்டவே இல்லை. நானும் அந்த ரெண்டு பேர் சீட்டைப் பற்றி அவளிடம் வாயைத் திறக்கவில்லை. என் பொண்டாட்டியின் மனசில் இருந்ததை மேலூரில் போய் இன்னொருத்தரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு வருகிறேனே என்று அதற்கும் ஒரு பொறாமை வந்தது. வீட்டுக்கு வந்ததும், "நான் ரிட்டயர் ஆனதுல உனக்குச் சந்தோஷமா?" என்று கேட்டேன். அவள் விநோதமாகப் பார்த்து, "பின்ன? இனிமேலாவது நேரத்துக்குச் சாப்பிடுவீங்கள்ல" என்றாள்.

இதையெல்லாம் உனக்கு எதற்குச் சொல்கிறேன் என்று கேட்பாய். யமுனாவின் தோழியை நான் பார்த்ததில்லை. அவர்கள் போனில் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று எனக்கும் தெரியாது, உனக்கும் தெரியாது, தெரியவும் வேண்டியதில்லை. உனக்கு எரியும். எரியாமல் இருக்க என்னிடம் மருந்து எதுவும் இல்லை, இருந்தால் நான் முதலில் சாப்பிட்டிருப்பேன். கல்யாணம் ஆனவன் பொறாமைப்படவே கூடாது என்று யாராவது சொன்னால் நம்பாதே. ஆனால் குறைத்துக்கொள் என்று மட்டும் அந்தப் பெண்ணிடம் சொல்லிவிடாதே. நான் உன் அம்மாவிடம் வாய்விட்டு அப்படிச் சொல்லவில்லை, ஆனாலும் அது தானாகவே குறைந்தது, குறைந்தபோது வீடு எப்படி இருந்தது என்று நான் பார்த்தவன். நீ சொன்னால் யமுனா கேட்டுக்கொள்வாள். அதுதான் ஆபத்து. உனக்காகப் போனை வைத்துவிட்டு உன் பக்கத்தில் வந்து உட்காருவாள், ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டிருப்பாள். அந்த சீட் உனக்கு வேண்டாம். எரிச்சல் வந்தால் அவளிடமே போய், எனக்கு எரிகிறது என்று சொல்லிவிடு. அசட்டுத்தனமாகத்தான் இருக்கும். நான் சொல்லாமல் ஒரு தையல் மெஷினை வாங்கி வைத்துக்கொண்டு அவஸ்தைப்பட்டேன், அதைவிட அசட்டுத்தனம் வேறு இல்லை.

இப்போது உன் அம்மா மெதுவாக நடக்கிறாள். போன வாரம் நூர்ஜகான் கட்டங்களை எல்லாம் எடுத்துக்கொண்டு இங்கே வந்து சேர்ந்துவிட்டார், கல்யாணம் முடிகிறவரை இருப்பார். கூடத்தில் கட்டங்களைப் பரப்பி, எதற்குப் பக்கத்தில் எது என்று மாற்றி மாற்றி வைத்து, ஒரு நாள் முழுக்கச் சண்டை போட்டார்கள். என் கட்டத்தைக் கையில் எடுத்ததும் உன் அம்மா, "இது என்ன இப்படிச் சுருங்கிக் கெடக்கு?" என்றாள். இழுத்து இழுத்துத் தைத்ததில் மற்றதைவிட அரை விரல் சிறிதாகிவிட்டதாம், எதோடும் பொருந்தவில்லை. நூர்ஜகான் எனக்காக ஏதோ சொல்லப் பார்த்தார். உன் அம்மா அதைத் திருப்பி ஒருமுறை பார்த்தாள், என்னையும் ஒருமுறை பார்த்தாள். யார் தைத்தது என்று கேட்கவில்லை. ஒதுக்கி வைத்துவிட்டாள். போர்வையில் அது இல்லை. ஆனால் மறுநாள் காலையில் அடுப்பிலிருந்து பால் சட்டியை இறக்க அதைத்தான் எடுத்தாள். நல்ல கனமாக இருக்கிறது, சூடு கைக்கு வரவில்லை என்று நூர்ஜகானிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். அன்றிலிருந்து தினமும் அதுதான்.

போர்வை உனக்கு வரும் என்று எதிர்பார்க்காதே. நான் கேட்டுப் பார்த்துவிட்டேன். ஆறு மாசம் கோச்சடையில், ஆறு மாசம் மேலூரில் என்று இருவரும் பேசி முடித்துவிட்டார்கள். உனக்கும் யமுனாவுக்கும் கடையில் ஒன்று வாங்கித் தருகிறேன். அவர்கள் போர்வையைக் கொண்டுபோய்க் கொடுத்து வாங்கி வருகிற வேலை என்னுடையதுதான் என்றும் முடிவாகிவிட்டது. என்னை யாரும் கேட்கவில்லை. எனக்கும் அது வேறு யாரிடமும் போவதில் விருப்பம் இல்லை.

கல்யாணத்தன்று மண்டபத்தில் முன் வரிசையில் உன் அம்மாவுக்குப் பக்கத்து நாற்காலி நூர்ஜகானுக்கு என்று இப்போதே சொல்லிவிட்டாள். யமுனாவின் தோழிக்கும் முன்னாலேயே ஓர் இடம் போடச் சொல்லி நானே மண்டபத்துக்காரரிடம் பேசிவிட்டேன், நீ அதில் தலையிடாதே. நான் வாசலில் நின்று வருகிறவர்களை வாங்க வாங்க என்று கூப்பிட்டுக்கொண்டிருப்பேன். உள்ளே அந்த இரண்டு பேரும் தலையோடு தலை வைத்து எதையோ பேசிச் சிரிப்பார்கள், எனக்கு அங்கிருந்தே தெரியும், வயிறும் எரியும். நீ மேடையிலிருந்து என் முகத்தைப் பார்த்துச் சிரித்துத் தொலைக்காதே.

உன் அப்பா